பதினேழு கற்களும் தபாலில் வந்த பாடமும்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கல்லில் மனை நம்பரும் சம்பள நோட்டில் என் பெயரும்தான். எந்த இடத்தில் எந்த 'ன' வரும் என்று நான் யோசிப்பதே கிடையாது. முதலில் கைக்கு வருவதைப் போட்டுவிடுவேன். படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

எழுத வைத்தது எங்கள் ஆபீசில் இப்போது வேலை பார்க்கும் பிரவீனும் அவன் கூட்டாளிகளும். அவர்கள் மனையை ஃபோனில் பார்க்கிறார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் எல்லை தெரிகிறது, தென்னை மரம் தெரிகிறது, நான் நிற்பதுகூடச் சிறு புள்ளியாகத் தெரிகிறது. போன மாதம் சும்மா ஆபீசுக்குப் போயிருந்தபோது பிரவீன் கேட்டான்: "அண்ணே, இதெல்லாம் இல்லாமயா அம்புட்டுக் கல்லையும் நட்டீங்க? ஒரு தடவகூடத் தப்பு வந்ததில்லையா?"

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் பதிலை எழுதுகிறேன்.

நான் பரவை மார்க்கெட்டுக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு மனை விற்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். அதற்கு முன் செங்கல் சூளை, கிணறு தோண்டுவது, லாரி லோடு என்று பதினைந்து வருடம் போனது. எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். எங்களுக்கென்று மண் என்றால் அது செருப்பில் ஒட்டியதுதான். அப்படிப்பட்டவன் பரவைக்கும் அதைத் தாண்டியும் எத்தனையோ ஏக்கரைத் துண்டு போட்டுக் கல் ஊன்றியிருக்கிறேன். போன வருடம் முழங்கால் ஒத்துக்கொள்ளாமல் வேலையை விட்டேன்.

மனை விற்கும் கம்பெனிக்குக் கூச்சம் உள்ளவன் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் மனையைக் காட்டி, மதியம் கறிச்சோறு போட்டு அனுப்புவார்கள். நான் குடை பிடிப்பேன், தண்ணீர் பாட்டில் கொடுப்பேன், சகதியில் மாட்டிய செருப்பை எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் ஒருவர் விற்பனைக்காரர்களை எல்லாம் விட்டுவிட்டு என்னிடம் வந்து, "தம்பி, நீ சொல்லு. இங்கிட்டுத் தண்ணி எப்படி?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான், அவர் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக்கூட இல்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏன்டா கருப்பையா, எவனாச்சும் கேள்வி கேட்டா குனிஞ்சு தரையப் பாக்காத. அண்ணாந்து மேல பாரு."

அடுத்த வாரம் அதையே செய்தேன். கேட்டவர் தானும் அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் மனைவியிடம் ரகசியமாக, "ஏர்போர்ட்டு இந்தப் பக்கம் வரப்போகுதுபோல," என்றார். ஏர்போர்ட் அவனியாபுரம் பக்கம் இருக்கிறது. நாங்கள் நின்றது ஊருக்கு நேர் எதிர்க் கடைசியில். அவர் இரண்டு மனை எடுத்தார்.

இனிக் கல் விஷயத்துக்கு வருகிறேன்.

மனை போடுவதில் என் வேலை கல் ஊன்றுவது. ஒவ்வொரு மனைக்கும் நாலு மூலையில் நாலு சின்னக் கல். வாசல் பக்கம் நடுவில் நம்பர் எழுதிய பெரிய கல். இரண்டரை அடிக் கல்லில் ஒன்றரை அடி மண்ணுக்குள் போகவேண்டும். குழி தோண்டி, கல்லை இறக்கி, உடைகல் போட்டுக் கடப்பாரையின் பின்பக்கத்தால் இடிக்க வேண்டும். இடித்த பிறகு கல்லை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்ப்பேன். ஆடினால் பிடுங்கி மறுபடி நடுவேன். நான் ஊன்றிய கல் எதுவும் இன்றுவரை சாய்ந்ததில்லை. சாய்ந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

பரவையைத் தாண்டி உள்ளே ஓர் இடம். ரிப்பன் மாதிரி நீளமான துண்டு. தெற்கே தார் ரோடு, வடக்கே தென்னந்தோப்பு, மேற்கே வாய்க்கால். கிழக்கே நாங்கள் மண்பாதை போட்டோம். பதினேழு மனைகளும் ஒரே வரிசையில், எல்லாமே கிழக்கு பார்த்தவை, எல்லாமே முப்பதுக்கு நாற்பது. இதைவிடச் சுலபமான வேலை எனக்கு வந்ததே இல்லை.

பூமி பூசைக்கு வந்த ஐயர், முதல் கல் ஈசான்ய மூலையில்தான் விழவேண்டும் என்றார். ஈசான்யம் என்றால் வடகிழக்கு. அதாவது தென்னந்தோப்பு ஓரம். "கல்லக் கொண்டாப்பா," என்றார். நான் அடுக்கின் மேலே இருந்த கல்லைத் தூக்கிக்கொண்டு போனேன். அது ஒன்றாம் நம்பர் கல். பெயிண்டர் வரிசையாக எழுதி அடுக்கியிருந்ததில் அதுதான் மேலே இருந்தது. ஐயர் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மந்திரம் சொல்லி இறக்கினார். முதலாளி தேங்காய் உடைத்தார்.

இன்ஜினியர் போட்ட படம் வேனுக்குள் சுருட்டி இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. ஒன்றுக்கு அடுத்தது இரண்டு, இரண்டுக்கு அடுத்தது மூன்று. இதற்கு எதற்குப் படம்? வடக்கிலிருந்து தெற்கே டேப் பிடித்து வந்து, சாயங்காலத்துக்குள் பதினேழையும் ஊன்றிவிட்டுக் கையைக் கழுவினேன்.

அந்தப் படத்தில் ஒன்றாம் நம்பர் தார் ரோட்டு ஓரம், தெற்கே இருந்தது.

இது யாருக்கும் தெரியவில்லை. வந்தவர்கள் கல்லைப் பார்த்து மனை எடுத்தார்கள். பத்திரம் படத்தைப் பார்த்து எழுதப்பட்டது. எல்லா மனைக்கும் கிழக்கே பாதை, மேற்கே வாய்க்கால். வடக்கிலும் தெற்கிலும் பக்கத்து மனை நம்பர் மட்டும்தான் மாறும். அதைப் போய் யார் சரிபார்ப்பார்கள்? இரண்டு முனையிலும் இருந்த ஒன்றையும் பதினேழையும் முதலாளி விற்காமல் வைத்துக்கொண்டார். மிச்சம் பதினைந்தும் விற்றுப்போனது.

நாலு வருடம் அப்படியே இருந்தது. பிறகு தபாலில் புத்தகம் வந்தது.

எங்கள் ஆபீசை நடத்தியவர் கோமதி மேடம். பேருக்கு முதலாளி ஒருவர் இருந்தாலும் சாவி, முத்திரை, பத்திர நகல் எல்லாம் மேடத்திடம்தான். நாற்பத்தெட்டு வயது. குரல் உயராது. யாரையும் திட்ட மாட்டார். ஏதாவது சொன்னால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்பார். நீங்கள் கண்ணால் பார்த்ததா, யாராவது சொல்லிக் கேட்டதா என்று அர்த்தம். கேட்டது என்றால் பேனாவை எடுத்துத் தன் வேலையைப் பார்ப்பார். விற்பனைக்காரர்கள் இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே மேடம் மேசைப் பக்கம் போகமாட்டார்கள்.

மனைத் தொழிலுக்குப் புதிதாகச் சட்டம் வந்திருந்த சமயம். எல்லாவற்றையும் பதிவு செய்யவேண்டும், ஆபீசில் ஒருவராவது முறையாகப் படித்திருந்தால் நல்லது என்று முதலாளியிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் எல்லோரையும் பார்த்தார். விற்பனைக்காரர்கள் எல்லோருக்கும் அந்த நிமிடம் ஃபோன் வந்தது. மேடம் மட்டும், "நான் படிக்கிறேன் சார்," என்றார். அஞ்சல் வழியில் ஒரு வருட டிப்ளமோ. ரியல் எஸ்டேட் படிப்பு. ஆறு புத்தகங்கள் சணல் கட்டோடு வந்து சேர்ந்தன.

மேடத்துக்கு மனதுக்குள் படித்தால் தூக்கம் வந்துவிடும். அதனால் மதியம் சாப்பிட்டபின் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். எழுந்து போகக் கூச்சப்பட்டு நான் உட்கார்ந்திருந்தேன். இப்படித்தான் எனக்கும் அந்தப் படிப்பு கிடைத்தது. இப்போது யாராவது எதுவரை படித்திருக்கிறாய் என்று கேட்டால், ஐந்தாம் வகுப்பு, அதன்பிறகு நேராக டிப்ளமோ என்று சொல்லத் தோன்றும். சொல்வதில்லை.

"வழியுரிமைன்னு ஒண்ணு இருக்குண்ணே. ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. மண்டையில ஏறல," என்றார் ஒருநாள்.

"அடுத்தவன் மண்ணு மேல நடந்து போகலாம், நின்டுறக் கூடாது. அதான மேடம்?" என்றேன்.

மேடம் புத்தக ஓரத்தில் பென்சிலால் அதை எழுதிக்கொண்டார்.

மூன்றாவது புத்தகத்தின் கடைசியில் ஒரு வீட்டுப்பாடம். உங்களுக்குத் தெரிந்த ஒரு மனைப்பிரிவுக்கு நேரில் சென்று, படத்தை வடதிசை பார்த்து வைத்து, ஒவ்வொரு மனையையும் சரிபார்த்துக் கட்டுரை எழுதுக. மேடம் சுலபமான இடமாகக் கேட்டார். நான்தான் பதினேழு மனையைச் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

காலை எட்டு மணிக்குத் தார் ரோட்டு முனையில் நின்றோம். மேடம் படத்தை விரித்தார். அதில் மேலே ஓர் அம்புக்குறி இருந்தது. அது படம் போட்ட கடையின் அடையாளம் என்று இத்தனை வருடமும் நான் நினைத்திருந்தேன். மேடம் சூரியனைப் பார்த்தார், அம்புக்குறியைத் தென்னந்தோப்புப் பக்கம் திருப்பினார், பக்கத்திலிருந்த கல்லைக் காட்டினார்.

"இது ஒண்ணாம் நம்பர் மனை."

"பதினேழு மேடம்."

"படத்துல ஒண்ணு."

"கல்லுல பதினேழு."

மேடம் குனிந்து கல்லைப் பார்த்தார். அடுத்த கல்லுக்குப் போனார். படத்தில் இரண்டு, கல்லில் பதினாறு. வடக்கே நடந்துகொண்டே இருந்தார். நான் பின்னால் போனேன். ஒன்பதாவது கல்லில் நின்றார். அங்கே மட்டும் படமும் கல்லும் ஒத்துப்போனது. எனக்கு உயிர் வந்தது. "இது சரியா இருக்கு மேடம்," என்றேன்.

"நடுவுல இருக்கிறது எப்படி எண்ணினாலும் நடுவுலதாண்ணே இருக்கும்," என்றார்.

திரும்பி வரும் வழியில் பதினான்காம் நம்பர் கல்லுக்கு முன்னால் நின்றோம். அந்த வரிசையில் வீடு கட்டியிருந்தது அந்த ஒரு மனையில்தான். செல்வம் வீடு. செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். வாடகை வீட்டில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு, இரண்டு தறியை விற்று, மனைவியின் நகையை விற்றுக் கட்டியது. பால் காய்ச்சி எட்டு மாதம் ஆகியிருந்தது. நானும் போய்ப் பாயசம் குடித்தேன்.

கல்படி அது பதினான்கு. படத்தின்படி நாலு. நாலாம் நம்பர் பத்திரம் வேறு ஒருவரிடம் இருந்தது.

முப்பதுக்கு நாற்பதில் ஒருவரின் ஆயுசே நிற்கிறது. அதை இன்னொருவர் மண்ணில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்.

முதலாளியிடம் மேடம் படத்தை விரித்துக் காட்டினார். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"படத்தத் தலைகீழாப் பிடிச்சா சரியாப் போகுதுல்ல?"

"பாதை மேக்கால போயிருது சார்."

"சரி, கண்ணாடியில காட்டிப் பாத்தா?"

"பதிவு ஆபீசுல கண்ணாடி இல்ல சார்."

முதலாளி யோசித்தார். "ஒண்ணும் பெருசில்ல. கருப்பையா, நாளைக்கே கல்ல மாத்தி நட்ரு."

"செல்வம் வீட்டையும் சேத்து மாத்தி நடணும் சார்," என்றார் மேடம்.

பிறகு பத்திரம் எழுதுகிறவரைக் கேட்டார்கள். பிழைத்திருத்தப் பத்திரம் போடலாம், ஆனால் ஜோடி ஜோடியாகப் போடவேண்டும் என்றார். நாலும் பதினான்கும் ஒரு ஜோடி, ஐந்தும் பதின்மூன்றும் ஒரு ஜோடி. ஜோடியில் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றால் கோர்ட்டுதான். ஒன்பதைத் தள்ளிவிட்டால் பதினான்கு பேர்.

"யாரு போய்ச் சொல்றது?" என்றார் முதலாளி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. "நான் போறேன் சார்," என்றேன். நான் நட்ட கல்.

பதினான்கு வீடுகளுக்கும் ஒரே வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். கல்லைத் தப்பா நட்டது நான்தான், மன்னிக்கணும், நீங்க பாத்த இடம் உங்க இடம்தான், பத்திரத்துல நம்பர மட்டும் மாத்த ஒரு கையெழுத்து வேணும். டிவிஎஸ் வண்டியில் போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே போவேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதலில் செல்வம் வீட்டுக்குத்தான் போனேன். சிரித்துக்கொண்டே கேட்டார். பாதியில் சிரிப்பு நின்றது.

"அப்ப நான் குடியிருக்கிறது யாரு வீட்டுல, மாப்ள?"

"வீடு உங்க வீடுதான். மண்ணுதான் பத்திரத்துல வேற ஆளு பேருல..."

"மண்ண விட்டுத் தனியாக் கழட்டி மாட்ட இது என்ன தறி நாடாவா?"

அவர் மனைவி கொடுத்த காப்பியைப் பாதி குடித்திருந்தேன். அந்த அம்மா வந்து டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பின்பக்கம் தறிக்கூடத்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருந்தார்கள். அடுத்த நாளிலிருந்து அந்த வேலை நின்றுபோனது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குழி அப்படியே கிடக்கும். செங்கல் அடுக்கின் மேல் கோழி உட்கார்ந்திருக்கும்.

மற்றவர்கள் பரவாயில்லை. ஒருவர் திட்டினார். ஒருவர் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டுத் திட்டினார். ஆறு வீட்டில், பார்த்த இடம் அதேதானே என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு சரி என்றார்கள். தொந்தரவு கொடுத்தது, பாதிக்கப்படாத ஒன்பதாம் நம்பர்க்காரர்தான். டீக்கடை வைத்திருக்கும் ஆறுமுகம். விஷயம் கேள்விப்பட்டு ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"எல்லா மனையிலயும் தப்பு இருக்காம்ல. என் மனைய மட்டும் ஏன் விட்டீங்க?"

"உங்களுது சரியா இருக்குண்ணே."

"நல்லாப் பாத்தியா? எல்லாத்துக்கும் புதுசாப் பத்திரம் போடுறீங்க. எனக்கு மட்டும் பழைய பத்திரமா?"

மேடம் அவரைப் பதினான்கு பத்திரத்துக்கும் சாட்சிக் கையெழுத்துப் போடும்படி கேட்டுக்கொண்டார். அதன்பிறகு இரண்டு மாதம் அவர் என்னிடம் டீக்குக் காசு வாங்கவில்லை.

இருபது நாளில் பதின்மூன்று பேர் சம்மதித்தார்கள். நாலாம் நம்பர் மட்டும் நின்றது.

நாலாம் நம்பர் விஸ்வநாதன் சார். மாசி வீதிப் பக்கம் மாடிக் குடித்தனம். அரசாங்க ஆபீசில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் வாசலில் நான் நின்ற நிலையைப் பார்த்து, கேஸ் சிலிண்டர் எடுக்க வந்தவன் என்று நினைத்து அவர் மனைவி காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் வாசகத்தைச் சொன்னேன். சார் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினார்.

"நாலாம் நம்பர் மனை. தெற்கே மூன்றாம் நம்பர் மனை. உங்க படத்துல மூணு எங்க இருக்கு?"

"ரோட்டுப் பக்கம் சார்."

"அப்ப நாலு?"

"அதுக்கு அடுத்தது சார்."

"அதுல என்ன இருக்கு?"

"செல்வம் வீடு சார்."

"நான் முப்பத்தஞ்சு வருஷம் ஃபைல் பார்த்தவன். தாள் என்ன சொல்றதோ அதுதான். அந்த வீட்டுக்காரர் என் இடத்துல கட்டியிருக்கார். நான் என்ன பண்ணட்டும்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. சத்தம் போடவில்லை, வாசல்வரை வந்து வழியனுப்பினார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அதுதான் பயமாக இருந்தது. நாலு முறை போனேன். நாலு முறையும் அதே பத்திரம், அதே வாசிப்பு. அந்த அம்மா நாலு முறையும் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

நாலாவது முறை போய்விட்டு வந்து மேடத்திடம் சொன்னேன். "முடியாது மேடம். பத்திரம் அவர் பக்கம் பேசுது."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "பத்திரத்தப் பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"அவரு வாசிச்சாரு மேடம்."

"நீங்க பாத்தீங்களா?"

"கேட்டேன்."

மேடம் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து நகலை எடுத்தார். முதல் பக்கத்தில் பாதியிலேயே நிறுத்திவிட்டு, நகலை என் பக்கம் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாங்குபவர், விஸ்வநாதன் மனைவி லலிதா.

அப்போதுதான் மேடம் சிரித்து நான் முதல்முறை பார்த்தேன். நம் ஊரில் மனையை மனைவி பேரில் எழுதுவதும், அதைப் பற்றிப் புருஷன் மட்டும் பேசுவதும் எவ்வளவு வழக்கம் என்றால், ஒரு மாதமாக நான் மனைக்காரர் கையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வேறு ஒருவரிடம் கெஞ்சிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். சார் பீரோ சாவியை எடுத்தார்.

"சார், நாங்க அம்மாகிட்டப் பேச வந்தோம்," என்றார் மேடம்.

"எதுன்னாலும் என்கிட்டயே சொல்லலாம்."

"மனைக்காரங்க அவங்கதான சார்."

சார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். லலிதா அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வாசகத்தை ஐந்தாவது முறையாக அந்த வீட்டில் சொன்னேன்.

"நாலு தடவையும் உள்ள இருந்து கேட்டுண்டுதான் இருந்தேன்," என்றார். "என்னை யாரும் கேக்கலை. சரி, கேக்கறப்போ பார்த்துக்கலாம்னு இருந்தேன். இடத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன். எப்போ போலாம்?"

அடுத்த நாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். சாரும் கூட வந்தார். மேடமும் நானும் முன்பே போய் நின்றிருந்தோம். செல்வத்துக்கு நான் முன்கூட்டிச் சொல்லியிருந்தேன். புருஷனும் மனைவியும் வாசலில் நின்ற நிலை, ஜப்திக்கு ஆள் வந்த வீடு மாதிரி இருந்தது.

லலிதா அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனார். அடுப்படியைப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். பின்கட்டுக்குப் போய்த் தறிக்கூடத்துக் குழியைப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டேள்?"

செல்வம் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். செல்வம்தான், "யாரு மண்ணுன்னு தெரியாம எப்படிம்மா மேல எழுப்புறது," என்றார்.

அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். மண்பாதையில் வடக்கே நடந்தார். நாங்கள் ஐந்து பேரும் பின்னால் போனோம். தென்னந்தோப்புக்கு மூன்று மனை முன்னால், நாலு என்று எழுதிய கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் பார்த்து எடுத்தது இதுதான். அன்னிக்கு மழை பேஞ்சிருந்தது. என் செருப்பு இங்கதான் மாட்டிண்டது. நீங்கதானே எடுத்துக் கொடுத்தேள்?"

எனக்கு நினைவில்லை. நான் எடுத்துக் கொடுத்த செருப்புகளுக்குக் கணக்கில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன். மேடம் என்னைப் பார்த்தார். ஆட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

"லலிதா," என்றார் சார், "பின்னாடி மதிப்புன்னு பார்த்தா அந்த ரோட்டுப் பக்கத்து மனைதான்..."

"அதுல வீடு இருக்கே."

"அது நம்ம மண்ணுல..."

"நம்ம மண்ணுன்னா அதை நான்தானே சொல்லணும்." குரலில் கோபமே இல்லை. "நான் எந்த இடத்துல நின்னேனோ அதுக்குத்தான் சரின்னேன். அவா வீட்டுக்கு நான் சரின்னு சொல்லவே இல்லையே. எங்க கையெழுத்துப் போடணும்?"

சார் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மனைவியிடம் நீட்டினார். "சம்மதக் கடிதத்துல ஒவ்வொரு பக்கத்துலயும் போடு. ஒரு பக்கம் விட்டாலும் செல்லாது," என்றார். முப்பத்தைந்து வருடம் ஃபைல் பார்த்தவர்.

அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லில் நம்பரை மாற்றவேண்டும். பெயிண்ட் டப்பா வண்டியில் இருந்தது. நாலுக்கு முன்னால் ஒன்றைப் போட்டேன். பதினான்கு. பிறகு செல்வம் வீட்டுக் கல்லில் ஒன்றைச் சுரண்டி எடுத்தேன். நாலு. என் இருபத்திரண்டு வருடத்தில் செய்த மிகச் சின்ன வேலை அதுதான். அதை முடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் செல்வம் மனைவி காப்பி டம்ளரோடு நின்றார். முழு டம்ளர். கடைசிவரை குடிக்கவிட்டார்.

பதிவு ஆபீசில் ஒரே நாளில் ஏழு ஜோடிப் பத்திரமும் முடிந்தது. செலவை முதலாளி ஏற்றுக்கொண்டார். ஆறுமுகம் கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, பதினான்கு சாட்சிக் கையெழுத்தும் போட்டார். செல்வம் மறுநாளே தறிக்கூடத்துக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார்.

மேடம் நடந்தது அத்தனையையும் வீட்டுப்பாடமாக எழுதி அனுப்பினார். இருபத்திரண்டு பக்கம். படத்தில் ஒரு நம்பர், கல்லில் ஒரு நம்பர், ஈசான்ய மூலை, ஜோடிப் பத்திரம், நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேசவேண்டும் என்று ஒரு தனிப் பகுதி. ஒன்றரை மாதம் கழித்துத் திருத்தி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் உறையைப் பிரித்தோம். இருபத்தைந்துக்கு ஒன்பது மதிப்பெண். கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தது: "கற்பனை மிகுதி. இவ்வாறு நடக்க வாய்ப்பில்லை. உண்மையான களத்திற்குச் சென்று பார்த்து எழுதவும்."

மேடம் அதை இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. மற்ற பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கி டிப்ளமோ முடித்துவிட்டார். சான்றிதழ் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறது. பிரவீன் தினமும் அதற்குக் கீழேதான் உட்காருகிறான்.

அந்தச் சிவப்பு மையை நான் செல்வத்திடம் சொன்னேன். தறிக்கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. தறியை நிறுத்திவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு ரசீதை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"என்ன மாப்ள இது? கற்பனை வீட்டுக்கா வீட்டுவரி வாங்கியிருக்காங்க?"

எழுதி முடித்தது: புரட்டாசி மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை.